காதுக்கு அளவுகோல் கண்ட பெக்னர்

வீட்டில் டெலிவிஷன் பாடிக்கொண்டிருக்கிறது. சத்தத்தை ஒரு துளி கூட்டுகிறோம். யாருக்கும் தெரியவில்லை. இன்னும் ஒரு துளி. அப்போதும் தெரியவில்லை. மூன்றாவது முறை கூட்டியதும் சமையல் அறையில் இருந்து அதட்டல் வருகிறது.

முதல் இரண்டு முறையும் சத்தம் கூடியது உண்மை. கருவி வைத்து அளந்திருந்தால் தெரிந்திருக்கும். காதுக்குத்தான் தெரியவில்லை. அப்படியானால், எவ்வளவு கூடினால் காதுக்குத் தெரியும்?

வேலையற்றவன் கேட்கும் கேள்வி போல இது தோன்றலாம். ஆனால் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு, மனிதனின் மனதையே அளந்துவிடலாம் என்று ஒருவர் கிளம்பினார். அவர் கண் பார்வை கெட்டு, சித்தம் கலங்கி, மூன்று ஆண்டுகள் இருட்டு அறையில் கிடந்து மீண்டவர். ஜெர்மனி நாட்டுக்காரர். பெயர், குஸ்தாவ் தியோடர் பெக்னர்.

பாதிரியார் மகன்

அன்றைய ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், மஸ்காவ் என்ற ஊருக்கு அருகே இருந்த ஒரு கிராமத்தில் 1801-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி பெக்னர் பிறந்தார். தகப்பனார் அந்தக் கிராமத்துப் பாதிரியார். கொஞ்சம் துணிச்சலானவர். கோவில் கோபுரத்தில் இடிதாங்கி வைத்தார். கடவுளின் வீட்டைக் கடவுள் காப்பாற்ற மாட்டாரா என்று ஊரார் முகம் சுளித்தார்கள். அவர் அசையவில்லை.

பெக்னருக்கு 5 வயது ஆனபோது தகப்பனார் இறந்துபோனார். அதன் பின் மாமன் வீட்டில் சில காலம் வளர்ந்தார். 16-வது வயதில் லீப்சிக் நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். ஏறக்குறைய 70 ஆண்டுகள் கழித்து இறக்கும் வரை அந்த நகரமே அவருக்குச் சொந்த ஊர் ஆகிவிட்டது.

லீப்சிக் சங்கீதத்துக்குப் பேர்போன நகரம். இசை மேதை பாக் வேலை பார்த்த தேவாலயம் அங்கேதான் இருக்கிறது. பெக்னரின் குடும்பத்துக்கும் இசையோடு உறவு உண்டு. அவருடைய சகோதரி கிளமெண்டைன், பியானோ ஆசிரியர் வீக் என்பவருக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டார். அந்த வீக்கின் மகள்தான், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பியானோக் கலைஞர் கிளாரா ஷூமன்.

பெக்னருக்கு மருத்துவப் படிப்பு பிடிக்கவில்லை. படித்து முடித்தும் தொழில் செய்யவில்லை. அன்றைய டாக்டர்கள் எந்த நோய்க்கும் அயோடின் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, சந்திரனே அயோடினால் ஆனதுதான் என்று நிரூபிப்பது போல 1821-ல் ஒரு கேலிப் புத்தகம் எழுதினார். டாக்டர் மைசஸ் என்பது அதற்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர். இன்று சந்திரனில் ஒரு பள்ளத்துக்குப் பெக்னரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அதுவும் பூமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தில்!

கேலி எழுதிப் பிழைக்க முடியுமா? பிரெஞ்சு மொழியில் இருந்த இயற்பியல், வேதியியல் புத்தகங்களை ஜெர்மனில் மொழிபெயர்த்துச் சம்பாதித்தார். பத்துக்கும் மேற்பட்ட தொகுதிகள். மொழிபெயர்த்து மொழிபெயர்த்தே இயற்பியலில் தேர்ந்துவிட்டார். மின்சாரம் பற்றி ஓம் கண்ட விதியைத் தாமே சோதித்து, 1831-ல் நூல் வெளியிட்டார். 1833-ல் கிளாரா வோல்க்மன் என்ற பெண்ணை மணந்தார். 1834-ல் லீப்சிக் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். அப்போது வயது 33. குடும்பச் செலவுக்குச் சம்பளம் போதாமல், வீட்டு உபயோகத்துக்கான கலைக்களஞ்சியம் ஒன்றையும் எட்டுத் தொகுதிகளாகத் தயாரித்துக் கொடுத்தார். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அவரே எழுதினார். இப்படி இரவும் பகலும் உழைத்தது பின்னால் பழிவாங்கியது.

இருட்டு அறை

ஒரு விளக்கை உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால், அந்த விளக்கின் உருவம் சிறிது நேரம் கண்ணுக்குள் நிற்கிறது அல்லவா? அது ஏன் என்று பெக்னர் ஆராய்ந்தார். அதற்காகச் சூரியனையே பார்த்தார். நிறக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார் என்றாலும், கண் தாங்கவில்லை.

1839-ம் ஆண்டின் இறுதியில் உடல் அடியோடு சாய்ந்தது. வெளிச்சம் பட்டால் கண்ணில் வலி. படிக்க முடியாது, எழுத முடியாது. பேராசிரியர் பதவியை விட்டார். அறையை இருட்டாக்கி, கண்களையும் கட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார். பிறகு மனமும் கெட்டது. எண்ணங்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஒன்றை நினைக்க வேண்டாம் என்றால் அதுவே சுற்றிச் சுற்றி வந்தது. சாப்பாடும் இறங்கவில்லை. உடல் எலும்புக்கூடு ஆகிவிட்டது. அவர் பிழைக்க மாட்டார் என்றே சுற்றத்தார் முடிவு செய்துவிட்டார்கள்.

அவர் எப்படிப் பிழைத்தார் என்பது கதை போல இருக்கும். குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, அவருக்காக ஒரு பதார்த்தம் சமைப்பதாகக் கனவு கண்டாராம். காரமாக மசாலா சேர்த்து, திராட்சை மதுவிலும் எலுமிச்சம் பழச் சாற்றிலும் ஊறவைத்த பன்றி இறைச்சி. கனவில் கண்டபடியே செய்து எடுத்து வந்தார். தயங்கித் தயங்கி ஒரு வாய் சாப்பிட்டார் பெக்னர். அது வயிற்றில் தங்கியது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு உடல் தேறினார்.

1843-ம் ஆண்டு அக்டோபர் மாதம், கண் கட்டை அவிழ்த்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்தார். பூக்கள் எல்லாம் உள்ளிருந்து ஒளி வீசுவது போல அவருக்குத் தெரிந்தது. செடி கொடிகளுக்கும் ஆன்மா உண்டு என்று 1848-ல் ஒரு புத்தகமே எழுதினார். விஞ்ஞானிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவருடைய பேராசிரியர் பதவி, அதற்குள் வில்ஹெல்ம் வெபர் என்ற இயற்பியல் அறிஞருக்குப் போயிருந்தது. பல்கலைக்கழகம் கொடுத்த சிறு உதவித்தொகையில் குடும்பம் நடந்தது.

படுக்கையில் கிடைத்த விடை

உடலும் உள்ளமும் இரண்டல்ல. ஒரே பொருளை இரண்டு பக்கத்தில் இருந்து பார்ப்பதுதான் என்பது பெக்னரின் நம்பிக்கை. நம்பிக்கை மட்டும் போதுமா? கணக்காகக் காட்ட வேண்டாமா? வெளியே ஒலி இவ்வளவு கூடினால் உள்ளே கேட்கும் உணர்ச்சி இவ்வளவு கூடுகிறது என்று ஒரு சூத்திரம் வேண்டும். இதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

1850-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி காலை, எழுந்திருக்காமல் படுக்கையிலேயே கிடந்தபோது விடை தோன்றியது. வெளியே உள்ள ஒலி ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று பெருக்கல் கணக்கில் ஏறும்போது, உள்ளே உள்ள உணர்ச்சி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று கூட்டல் கணக்கில்தான் ஏறும். மடக்கைக் கணக்கு படித்தவர்களுக்கு இது உடனே புரியும்.

இந்த யோசனையை அவர் முதலில் வெளியிட்ட புத்தகத்தின் பெயர் மும்பைவாசிகளுக்குப் பரிச்சயமானது. 'ஜெண்ட் அவெஸ்தா'! பார்சிகளின் வேதத்தின் பெயரையே 1851-ல் தமது நூலுக்கு வைத்துவிட்டார். பார்சி மதத்தைப் பற்றிய நூல் அல்ல அது. வானுலகம், மறுமை என்று போகும் பெரிய தத்துவ நூல். அதற்குள் இந்தக் கணக்கும் ஒரு பக்கமாகக் கிடந்தது. யார் கண்ணிலும் படவில்லை.

கணக்கு தோன்றிவிட்டது. ஆதாரம்? அதற்குப் பழைய ஆசிரியர் ஒருவர் கைகொடுத்தார். பெக்னரின் பதவிக்கு வந்த வெபரின் அண்ணன், எர்ன்ஸ்ட் வெபர். லீப்சிக்கில் உடற்கூறு பேராசிரியர். மாணவராக இருந்தபோது பெக்னர் அவருடைய வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். இவர் கையில் எடை வைத்துப் பார்த்துச் சோதனை செய்தவர். 40 பலம் எடையைத் தூக்கிப் பார்ப்பவனுக்கு, ஒரு பலம் கூடினால் வித்தியாசம் தெரிகிறது. 80 பலம் தூக்கினால் ஒரு பலம் போதாது. இரண்டு பலம் கூட வேண்டும். எவ்வளவு கூடுகிறது என்பது அல்ல, எதன்மேல் கூடுகிறது என்பதே முக்கியம் என்று 1834-லேயே எழுதிவைத்தார் வெபர்.

காதுக்கும் இது பொருந்தும். நள்ளிரவில் சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் ஓசை தூக்கத்தைக் கெடுக்கிறது. அதே கடிகாரத்தைத் தாதர் ஸ்டேஷனில் காதருகே வைத்துக்கொண்டாலும் கேட்பது சந்தேகம்.

உருண்டை விழும் சத்தம்

இங்கேதான் பெக்னரின் மூளை வேலை செய்தது. உனக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்று ஒருவரிடம் கேட்டால், எண்ணில் பதில் சொல்ல அவரால் முடியாது. ஆனால் இரண்டு சத்தங்களைக் கொடுத்து, எது பெரியது என்று கேட்டால் சொல்லிவிடுவார். இரண்டையும் நெருக்கமாகக் கொண்டுவந்துகொண்டே போனால், ஓர் இடத்தில் அவரால் பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். அந்த இடம்தான் காதின் எல்லை. அந்த எல்லையையே ஓர் அங்குலமாக வைத்துக்கொண்டு அளந்தால் என்ன? காதின் இயலாமையையே அளவுகோல் ஆக்கிவிட்டார்.

சொல்வது சுலபம். அன்றைக்கு மைக் கிடையாது. ஒலிபெருக்கி கிடையாது. ஒலியை அளக்கும் மீட்டர் கிடையாது. டெலிபோனே 1876-ல்தான் வந்தது. ஒரு சத்தம் இன்னொரு சத்தத்தைப்போல இத்தனை மடங்கு என்று எப்படிச் சொல்வது?

பொருளைக் கீழே போடுவதுதான் வழி. இரும்பு உருண்டை விழும் உயரம் கூடினால், அது மோதும் வேகமும், எழும் சத்தமும் ஒரு கணக்குப்படி கூடும். சுத்தி போன்ற ஊசல் ஒன்றை இவ்வளவு தூரம் இழுத்துவிட்டுப் பலகையில் அடிக்கவைத்தாலும் அப்படியே. பெக்னரின் மைத்துனர், அதாவது மனைவியின் சகோதரர், வோல்க்மன் என்பவர் உடலியல் பேராசிரியர். அவர் இந்தச் சோதனைகளைச் செய்து கொடுத்தார். ஒலியின் சக்தி மூன்றுக்கு நாலு என்ற விகிதத்தில் இருந்தால் காது பிரித்தறிகிறது என்பது முடிவு. அருகே நின்று கேட்டாலும் சரி, தள்ளி நின்று கேட்டாலும் சரி, விகிதம் மாறவில்லை.

உயரம் இரண்டு மடங்கு ஆனால் சத்தமும் சரியாக இரண்டு மடங்கு ஆகுமா என்று பின்னால் வந்தவர்கள் சண்டை போட்டார்கள். அது நியாயமான சந்தேகம்தான். ஆனாலும் அந்த மூன்றுக்கு நாலு என்பது இன்றைய கணக்கில் ஒன்றேகால் டெசிபல். இன்றைய மின்னணுக் கருவிகள் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். உருண்டையை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியது சாதாரணம் அல்ல.

பெக்னர் தாமும் சும்மா இருக்கவில்லை. எடை தூக்கும் சோதனையைத் தம் கையாலேயே செய்தார். ஒன்றை எடுப்பது, வைப்பது, அடுத்ததை எடுப்பது, எது கனம் என்று குறிப்பது. ஒரு வரிசையில் மட்டும் 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை இப்படிச் செய்திருக்கிறார்! ஏன் இத்தனை? எல்லைக்கு அருகே மனிதன் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. இப்போது கனம் என்பான். அடுத்த நிமிடம் லேசு என்பான். எல்லை என்பது சுவர் அல்ல, பனிமூட்டம் போன்றது. நூற்றுக்கு எத்தனை முறை சரியாகச் சொல்கிறான் என்று எண்ணித்தான் முடிவு கட்ட வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

கண்ணையும் விடவில்லை. வானத்தில் இரண்டு மேகங்கள். நிறத்தில் மயிரிழை வித்தியாசம். மங்கலான கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் அந்த வித்தியாசம் மறையவில்லை. வெளிச்சம் குறைந்தாலும் விகிதம் குறையவில்லை என்பதுதான் காரணம். கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர், மறுபடியும் ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாரே, அந்தத் தைரியத்தை என்ன சொல்வது!

இவை எல்லாவற்றையும் சேர்த்து, 1860-ல் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். உள்ளத்தையும் உடலையும் இணைக்கும் அந்தப் புதிய சாஸ்திரத்துக்கு உள-இயற்பியல் என்று பெயர். அந்த நூலைப் படித்தவர்களில் ஒருவர் வில்ஹெல்ம் வுண்ட். அவர் அதே லீப்சிக் நகருக்கு வந்து, 1879-ல் உளவியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அங்கேயும் உருண்டைகள் பலகையில் விழுந்துகொண்டிருந்தன. அவை எழுப்பும் சத்தத்தை மாணவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள்.

பாதி தவறு

பெக்னரின் சூத்திரம் சரிதானா? பாதி சரி, பாதி தவறு என்பதுதான் நேர்மையான பதில்.

எல்லை பற்றி அவரும் வெபரும் சொன்னது பெரும்பாலும் நிலைத்துவிட்டது. நாலு பேர் பாடும் இடத்தில் ஐந்தாவதாக ஒருவர் சேர்ந்தால் சத்தம் கூடியது தெரியலாம். நூறு பேர் பாடும் இடத்தில் ஒருவர் சேர்ந்தால் தெரியவே தெரியாது. சுமார் 25 பேர் சேர வேண்டும். கால் பங்கு கூடுவதைத்தான் ஒரு டெசிபல் என்கிறோம். 1928-ல் அமெரிக்காவில் பெல் டெலிபோன் ஆய்வுக்கூடத்தில் ரீஸ் என்பவர் மின் கருவிகளைக் கொண்டு இதை அளந்தார். பிறகு பலரும் அளந்தார்கள். சீறுவது போன்ற இரைச்சல் ஒலியில் வெபரின் விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. புல்லாங்குழல் போன்ற தூய ஒலியில் மட்டும் சிறிது விலகுகிறது. மெல்லிய ஒலியில் ஒன்றரை டெசிபலோ அதற்கு மேலோ கூடினால்தான் தெரியும். உரத்த ஒலியில் அரை டெசிபல் போதும்.

தவறு எங்கே? எல்லா அங்குலமும் ஒரே நீளம் என்று பெக்னர் எடுத்துக்கொண்டார். அவர் சொன்னது சரியானால், 100 டெசிபல் ஒலி, 50 டெசிபல் ஒலியைப்போல இரண்டு மடங்காகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதில்லை. 10 டெசிபல் கூடும்போதெல்லாம் சத்தம் இரட்டிப்பாகத் தோன்றுகிறது என்று அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன்ஸ் என்பவர் காட்டினார். அந்தக் கணக்கில் 50-க்கும் 100-க்கும் இடையே 32 மடங்கு! பெக்னருக்கு மரியாதை செய்து, அவர் விதியை ரத்து செய்வோம் என்னும் பொருள்பட 1961-ல் ஸ்டீவன்ஸ் ஒரு கட்டுரைக்குத் தலைப்பே வைத்தார்.

அதற்கு வெகு காலம் முன்பே எதிர்ப்பு இருந்தது. பெக்னர் தமது 76-வது வயதிலும், 81-வது வயதிலும் மறுப்பு நூல்கள் எழுதினார். அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் இந்த அளவைகளால் ஒரு பயனும் இல்லை என்று எழுதினார். அதே ஜேம்ஸ், செடிகளுக்கும் பூமிக்கும் உயிர் உண்டு என்ற பெக்னரின் தத்துவத்தை 1909-ல் வாயாரப் புகழ்ந்தார். விஞ்ஞானிகளோ தத்துவத்தைத் தள்ளிவிட்டு அளவைகளை எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்கு நேர்ந்த கதி இது.

1887-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி, 86-வது வயதில் பெக்னர் லீப்சிக்கில் காலமானார். கல்லறை அருகே வுண்ட் இரங்கல் உரை ஆற்றினார். பெக்னருக்குக் குழந்தைகள் கிடையாது. மருமகன் முறையான ஒருவர் 1892-ல் அவருடைய வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

தாத்தாவின் கோபம்

பெக்னரின் பெயரை அறியாதவர்களும் அவர் கண்ட வழியைப் பயன்படுத்துகிறார்கள். டெசிபல் என்பதே பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் மடக்கைக் கணக்குதான். அதற்கு முன்பு டெலிபோன் பொறியாளர்கள், ஒரு மைல் நீளக் கம்பியில் குறையும் ஒலியை அலகாக வைத்திருந்தார்கள். அதுவும் சாதாரண மனிதன் கண்டுபிடிக்கக்கூடிய மிகச் சிறிய வித்தியாசத்துக்கு நெருங்கிய அளவுதான்.

இரண்டு ஒலிபெருக்கிகளை ஒப்பிட்டுப் பார்த்து வாங்கப் போகிறவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒன்றில் சத்தம் இம்மி கூடுதலாக வைத்திருந்தால், சத்தம் கூடியிருப்பது தெரியாது. ஒலி நன்றாக இருப்பது போலத் தோன்றும். ஆகவேதான் ஒப்பிட்டுச் சோதிக்கும் பொறியாளர்கள், முதலில் இரண்டையும் 0.1 டெசிபல் அளவுக்குள் சமப்படுத்திக்கொள்கிறார்கள். கடைக்காரர் அந்தச் சிரமத்தை மேற்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

டாக்டர்களுக்கும் இது உதவியது. காது மந்தமான பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். பேசுவது கேட்கவில்லை, உரக்கச் சொல் என்பார் தாத்தா. கொஞ்சம் உரக்கச் சொன்னால், ஏன் கத்துகிறாய் என்று கோபிப்பார். வேண்டுமென்றே செய்கிறார் என்று வீட்டார் சலித்துக்கொள்வார்கள். அவர் மேல் தவறு இல்லை. உட்காதில் உள்ள நுண்ணிய செல்கள் பழுதுபட்டால் மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் கேட்கத் தொடங்கியதும் சத்தம் கிடுகிடுவென்று ஏறிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க 1959-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை வகுத்தார்கள். நோயாளிக்குக் கேட்கும் எல்லைக்கு 20 டெசிபல் மேலே ஓர் ஒலியை விடாமல் ஒலிக்கச் செய்வார்கள். ஐந்து விநாடிக்கு ஒரு முறை, ஒரே ஒரு டெசிபல் கூட்டிக் குறைப்பார்கள். இப்படி 20 முறை. நல்ல காது உள்ளவர் அநேகமாக எதையும் கவனிக்க மாட்டார். உட்காதில் பழுது உள்ளவர் பெரும்பாலான தடவைகளைச் சரியாகச் சொல்லிவிடுவார்! கோளாறு உட்காதில் இருக்கிறதா, மூளைக்குப் போகும் நரம்பில் இருக்கிறதா என்று டாக்டர்கள் ஊகிக்க அது உதவியது. பிற்காலத்தில் வேறு கருவிகள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

உள-இயற்பியல் ஆய்வாளர்களுக்கு 1985-ல் ஒரு சர்வதேசச் சங்கம் ஏற்பட்டது. அவர்கள் ஆண்டுதோறும் கூடும் மாநாட்டுக்குப் பெக்னர் நாள் என்று பெயர். அக்டோபர் 22-ந் தேதி காலை, படுக்கையை விட்டு எழுந்திருக்காமல் கிடந்தாரே, அந்த நாளின் நினைவாக வைத்த பெயர் அது.